பாய்வண்டிக்கு மணல் எங்கே?

மாசி, பங்குனி மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையோரம் கடலைப் பார்த்து நின்றால் தென்கிழக்குக் காற்று முகத்தில் அறையும். கரை ஏறக்குறையத் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. காற்று அதன் குறுக்கே ஏறி வருகிறது. சக்கரத்தின் மேல் பாய்மரம் நட்டு, இயந்திரம் இல்லாமல் மணலில் ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் தேடிப் போகும் காற்று இதுதான். குறுக்கே வரும் காற்றில் போகவும் முடியும், போன வேகத்திலேயே திரும்பி வரவும் முடியும். ஆனால் காலடியில் கிடப்பது கருங்கல் குவியல். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையின் பெரும்பகுதி இன்று கல் கொட்டிய சுவராகவே இருக்கிறது.

லேண்ட் யாட், சேண்ட் யாட் என்று அழைக்கப்படும் அந்த வண்டியை இங்கே பாய்வண்டி என்றே சொல்வோம். பாய்வண்டி ஓட மூன்று வேண்டும்: நிதானமான காற்று, கெட்டியான அகன்ற மணல், காற்றைப் படிக்கத் தெரிந்த மனிதர். இந்த மூன்றில் வட சென்னையிடம் எது இருக்கிறது, எது இருந்து போனது, போனது திரும்புமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு விளையாட்டைப் பற்றிய கேள்வி போலத் தொடங்கினாலும், இது ஒரு கரை யாருக்காக, எப்படிக் கரைந்தது என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறது.

காற்றில் ஓடிய சக்கரங்கள்

சக்கரத்தைக் காற்றால் ஓட்டும் எண்ணம் பழையது. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பாய் கட்டி ஓட்டும் வழக்கம் சீனாவில் இருந்தது. ஐரோப்பாவில் பெயர் பெற்ற முதல் பாய்வண்டி 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெதர்லாந்துக் கரையில் ஓடியது. கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் இளவரசர் மாரிஸுக்காக வடிவமைத்த அந்த வண்டி, இருபத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஸ்கெவனிங்கனிலிருந்து பெட்டன் வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போனதாக வரலாறு சொல்கிறது. குதிரைகள் ஒரு பகல் முழுதும் எடுத்துக்கொள்ளும் தூரம் அது. சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸும் அந்த வண்டியில் இருந்தார்.

அதற்குப் பத்தாண்டு கழித்து அதே நெதர்லாந்து வணிகர்கள் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் வணிகநிலை அமைத்தார்கள். 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். தங்கள் கரையில் காற்றை வேடிக்கைக்கும் பழக்கியவர்களுக்கு நம் கரையில் காற்று வணிகத்துக்கு மட்டுமே பயன்பட்டது. ஏன் என்பதற்கான விடை மணலில் இருக்கிறது; அதற்குப் பிறகு வருவோம்.

விளையாட்டாக இது வளர்ந்தது பெல்ஜியத்தின் டி பானே கரையில். 1898-ல் டுமோன் சகோதரர்கள் அங்கே தங்கள் வண்டிகளை ஓட்டினார்கள். 1909-ல் பந்தயம் நடந்தது. அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த லூயி பிளேரியோ, பின்னர் பிரான்சின் கரைக்காகப் பாய்வண்டிகளையும் வடிவமைத்தார். 1962-ல் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது. 1967-ல் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து சகாராப் பாலைவனத்தையே பாய்வண்டிகளில் கடந்தார்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் பிறந்த ப்ளோகார்ட், மடித்துப் பையில் வைத்துக் கொண்டுபோகும் மூன்று சக்கர வண்டி. அதனால் சிறுவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இந்த விளையாட்டுக்குள் வர முடிந்தது. கால்களைப் பயன்படுத்த வேண்டியதில்லை, கைகள் இரண்டும் போதும்.

காற்றை முந்துவது எப்படி

பாய்வண்டி காற்றைவிட வேகமாக ஓடும் என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. காற்றில்லாத நாளில் சைக்கிளை வேகமாக மிதித்தாலும் முகத்தில் காற்று அடிக்கும்; ஓட்டமே ஒரு காற்றை உண்டாக்குகிறது. பாய்வண்டியில் பக்கவாட்டிலிருந்து வரும் இயற்கைக் காற்றும், ஓட்டத்தால் எதிரே வரும் காற்றும் சேர்ந்து ஒரு புதுக் காற்றாகப் பாயில் படுகின்றன. வேகம் கூடக் கூட அந்தச் சேர்ந்த காற்றும் வலுக்கிறது. விமானத்தின் இறக்கை மேலே தூக்குவதைப் போலப் பாய் வண்டியை முன்னால் இழுக்கிறது. சக்கரம் பக்கவாட்டில் சறுக்க மறுப்பதால் அந்த இழுப்பு வீணாவதில்லை.

படகுக்கு நீர் பெரும் தடை. வண்டிக்குத் தடை, தரையில் உருளும் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் மட்டுமே. ஆகவே கெட்டியான தரையில் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகக் காற்றே நல்ல ஓட்டத்துக்குப் போதும். 2009 மார்ச்சில் ரிச்சர்ட் ஜென்கின்ஸ் கிரீன்பேர்ட் என்ற வண்டியை அமெரிக்காவின் வறண்ட ஏரிப் படுகையில் மணிக்கு 202.9 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். 2022 டிசம்பரில் கிளென் ஆஷ்பி ஆஸ்திரேலியாவின் கெயர்ட்னர் உப்பேரியில் ஹொரோநுக்கு என்ற வண்டியில் 222.4 கிலோமீட்டரைத் தொட்டார்.

இவர்களில் ஒருவர் நம் கரைக்கு அன்னியமானவர் அல்ல. ஆஷ்பி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கேட்டமரான் படகுகளில் கழித்தவர், 2017-ல் அமெரிக்கக் கோப்பைப் பாய்ப்படகுப் பந்தயத்தை வென்ற நியூசிலாந்து அணியின் தலைவர். உலகம் முழுதும் வழங்கும் அந்தக் 'கேட்டமரான்' என்ற சொல், இந்தக் கரையின் கட்டுமரத்திலிருந்து போனது. ஜென்கின்ஸ் தன் வண்டியின் இறக்கைப் பாயிலிருந்து கற்றதைக் கொண்டு ஆளில்லாத கடலாய்வுப் படகுகளைச் செய்தார். அவை இன்று பெருங்கடல்களில் தட்பவெப்பத் தகவல் திரட்டுகின்றன. விளையாட்டில் கற்ற காற்று அறிவு அறிவியலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வட சென்னையின் காற்று

தமிழில் திசைக்கொரு காற்றுண்டு. தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கடலோரத்தார் தென்மேற்குக் காற்றைக் கச்சான் என்பார்கள். இவை இலக்கியப் பெயர்களாக மட்டும் இருக்கவில்லை. எந்த நேரத்தில் கட்டுமரத்தைத் தள்ளுவது, எந்தத் திசையில் வலை போடுவது, எப்போது கரை திரும்புவது என்பதெல்லாம் இந்தப் பெயர்களுக்குள் இருந்த கணக்கு.

சென்னையின் அன்றாடக் காற்று கடற்காற்று. வெயில் ஏற ஏறத் தரை சூடாகிறது, தரைமேல் காற்று மேலெழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. முன்வேனிலில் நண்பகலை ஒட்டித் தொடங்கி மாலைவரை தொடரும். கத்திரி வெயில் நாட்களில் மேலைக்காற்று வலுத்தால் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். நகரம் வெந்து, "கடல் காத்து எப்ப வரும்" என்று கேட்கும் நாட்கள் அவை. ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கு வாடை. ஆக ஆண்டின் பல மாதங்களில் கரைக்குக் குறுக்காகவோ சற்றுச் சாய்வாகவோ ஒரு காற்று கிடைக்கிறது. பாய்வண்டிக் கணக்கில் இது மிக நல்ல இடம்.

இந்தக் காற்றை வட சென்னைப் பிள்ளைகள் கைவிட்டதே இல்லை. தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் மொட்டை மாடிகளில் காத்தாடி விடுகிறவர்களைப் பாருங்கள். நூலை எப்போது விடுவது, எப்போது இழுப்பது, எதிராளியின் காத்தாடிக்கு எந்தப் பக்கம் காற்றைப் பிடித்து டீல் போடுவது என்று அவர்களின் விரல்களுக்குத் தெரியும். பாய்வண்டி ஓட்டியின் கையில் இருக்கும் கயிறும் இதே பாடத்தைத்தான் கேட்கிறது. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் சாலையில் போகிறவர்களின் கழுத்தை அறுத்து உயிர்களைப் பறித்ததால் காவல்துறை தடை விதித்தது. அந்தத் தடை நியாயமானது, தேவையானது. ஆனால் காற்றோடு விளையாடும் அந்தக் கைத்திறனுக்கு ஆபத்தில்லாத வேறொரு களத்தை யாரும் திறந்துவிடவில்லை.

இங்கே காற்றுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் குவித்த நிலக்கரியின் தூளைக் கடற்காற்றுதான் ராயபுரம் வீடுகளுக்குள் கொண்டுவந்து கொட்டியது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கரி, இரும்புத் தாதுக் கையாளுதலை அங்கிருந்து நிறுத்த உத்தரவிட்டது. சுமை எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் காற்றுக்குப் பயந்துதான். ஒரு பகுதி மக்களுக்குக் காற்று அச்சமாக மட்டும் தெரிவது பெரிய இழப்பு. காற்றை மறுபடியும் நட்பாக்கும் எந்த முயற்சியும் இங்கே வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாது.

மணல் போன கதை

மதராஸுக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைக்கு வெளியே நங்கூரமிடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும்தான் ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1861-ல் ஒரு கடற்பாலம் கட்டினார்கள். புயல்கள் அதை முடக்கின. 1876-ல் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டுவது போல அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள்.

அந்தச் சுவர்கள் அலையோடு சேர்த்து மணலையும் நிறுத்தின. நம் கரையில் மணல் ஓரிடத்தில் இருப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து சாய்வாக மோதும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நடக்கிறது. ஆற்றில் அணை கட்டினால் மேலே நீர் தேங்கிக் கீழே வறள்வது போல, துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் தேங்கியது, வடக்கே பட்டினி தொடங்கியது.

தெற்கே தேங்கியதுதான் மெரினா. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் நடைபாதை அமைத்து அதற்குப் பெயர் வைத்த காலத்திலிருந்து கரை அகன்றுகொண்டே வந்தது. இன்று சாலையிலிருந்து அலைவரை போகவே தனி நடை நடக்க வேண்டும். மெரினாவின் அந்த அகலம் ராயபுரத்துக்கு வந்து சேராத மணல். ஒரு நகரம் தன் பெருமையாகக் காட்டும் கரையும், தன் அவமானம் போல மறைத்து வைத்திருக்கும் கரையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

வடக்கே நேர்ந்ததற்குக் கடலோரப் பொறியியல் ஆய்வுகள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் கணக்கு இது: துறைமுகத்துக்கு வடக்கே உள்ள கரை 1876-க்குப் பிந்தைய நூறாண்டில் சுமார் 500 மீட்டரும், 1978-க்கும் 1995-க்கும் இடையில் மேலும் சுமார் 200 மீட்டரும் உள்வாங்கியது; கடலுக்குள் போன நிலம் ஏறக்குறைய 350 ஹெக்டேர். ஹெக்டேர் என்றால் கண்ணுக்குத் தெரியாது. வலை காயப் போட்ட இடம், மரம் ஏற்றி வைத்த இடம், பிள்ளைகள் ஓடிய இடம், தெருக்கள், கோயில்கள் என்று எண்ணினால் தெரியும். உலகத்தையே துறந்த பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூரில் கடலை ஒட்டி இருக்கிறது. கப்பல் வணிகராக வாழ்ந்து எல்லாவற்றையும் விட்டவரின் வாசல்வரை கடல் வந்து நிற்பதை அங்கே போகிறவர் யாரும் காணலாம்.

கடலைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் சாலையைக் காத்தது, மணலைக் காக்கவில்லை; சுவரில் மோதித் திரும்பும் அலை மிச்ச மணலையும் வாரிக்கொண்டு போகும். பிறகு சென்னை ஐஐடியின் வடிவமைப்பில் 2004-ஐ ஒட்டிப் பத்துத் தூண்டில் வளைவுகள், அதாவது கரைக்குக் குறுக்கான கல் தடுப்புகள், கடலுக்குள் நீண்டன. அவற்றுக்கிடையே சில இடங்களில் பிறை போல மணல் ஒதுங்கியது. ஒரு தலைமுறைக்குப் பிறகு அங்கே கால் புதைய நடக்க முடிந்தது. ஆனால் தூண்டில் வளைவு மணலைப் படைப்பதில்லை, வழியில் போவதைப் பிடித்து வைக்கிறது. இங்கே பிடித்தால் அடுத்த குப்பத்துக்குக் குறைகிறது. அரிப்பு வடக்கே எர்ணாவூருக்கும் சின்னக்குப்பத்துக்கும் தள்ளிப்போக, அங்கும் வளைவு கேட்கிறார்கள். 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகமும், பின்னர் வந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் இதே மணல் பாதையில் புதிய சுவர்கள். பழவேற்காட்டுப் பக்கத்துக் கடலோரக் குப்பங்களின் இன்றைய அச்சம், ராயபுரத்தின் நூறாண்டுப் பழைய அச்சம்தான்.

ஓதம் குறைந்த கரை

துறைமுகம் வராமல் இருந்திருந்தால் ராயபுரத்தில் பாய்வண்டி ஓடியிருக்குமா? நேர்மையாகச் சொன்னால், டி பானேயில் ஓடுவது போல ஓடியிருக்காது. அந்தக் கரைகளின் ரகசியம் ஓதம். பிரான்சின் வட கரையில் பெரிய ஓத நாட்களில் கடல்மட்டம் எட்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. இறங்கும்போது கிலோமீட்டர் கணக்கில் தட்டையான ஈர மணல் வெளிப்படுகிறது. மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதால் ஈர மணல் தார்ச்சாலை போல இறுகி நிற்கும். நெதர்லாந்தில் ஸ்டெவினின் வண்டி ஓடியதும் அந்த ஈர மணலில்தான். சென்னையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அதனால் நம் கரை சரிவாகவும், மணல் உலர்ந்து பொலபொலவென்றும் இருக்கிறது. மெரினாவில் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குச் சக்கரம் புதைவது தெரியும். பழவேற்காட்டில் இறங்கிய நெதர்லாந்துக்காரர்கள் இங்கே பாய்வண்டியை நினைக்காததற்கு இது ஒரு வலுவான காரணமாக இருந்திருக்கலாம்.

ஆகவே வட சென்னை இழந்தது ஒரு பந்தயத் திடல் என்று சொல்வது மிகை. இழந்தது அகலமான கரை. அகலமிருந்தால் அகன்ற காற்றடைத்த சக்கரங்களோடு சிறு வண்டிகளை மெதுவாகவாவது ஓட்டலாம். அகலமே இல்லாத இடத்தில் எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

பாய் எங்கே போனது

மூன்றாவது தேவை மனிதர்கள். காசிமேடு, திருச்சினாங்குப்பம், எர்ணாவூர், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் ஆகிய கடலோரக் குப்பங்களின் பாட்டன்மார் பாய் கட்டித்தான் கடலுக்குப் போனார்கள். மரம் கட்டுவது, பாய் தைப்பது, காற்று மாறும்போது பாயைப் புரட்டுவது எல்லாம் குடும்பக் கல்வி. 1980-களுக்குப் பிறகு மரத்தில் மோட்டார் ஏறியது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தையே பெருமளவு ஓரங்கட்டின. கடலில் உயிரைப் பணயம் வைக்கிறவர்கள் வேகமும் பாதுகாப்பும் தேடியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாயோடு சேர்ந்து ஒரு படிப்பும் போனது.

தமிழ்நாட்டில் அது முழுதும் போய்விடவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி வட்டாரக் கடலோர ஊர்களில் திருவிழாவையொட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. ஆழமற்ற பாக் விரிகுடாவில் பாய் புடைத்துச் சாயும் படகின் ஓரத்தில் உடம்பைத் தொங்கவிட்டுச் சமன் செய்யும் இளைஞர்களைப் பார்த்தால், உழைப்பின் கருவி விளையாட்டின் கருவியாக மாறி உயிர் தரித்திருப்பது புரியும்.

வட சென்னையிலும் பாய் இருக்கிறது, துறைமுக மதிலுக்கு உள்ளே. 1904-ல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், மணலால் தூர்ந்துகொண்டிருந்த கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புது வாயில் திறந்தவர். கணிதமேதை ராமானுஜன் 1912-ல் எழுத்தராகச் சேர்ந்தபோது அவருக்கு ஆதரவாக நின்றவரும் அவரே. அந்த ஸ்பிரிங்தான் 1911-ல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கினார். சுவர் தந்த அமைதியான நீரில் பாய்ப்படகுப் பயிற்சி நூறாண்டு கடந்து நடக்கிறது. சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக டோக்கியோவுக்குப் போனார், கே.சி. கணபதியும் வருண் தக்கரும் அதே ஒலிம்பிக்கில் களமிறங்கினார்கள். சென்னை நீரில் பாய் பிடிக்கக் கற்றவர்கள் உலக அரங்குக்குப் போயிருக்கிறார்கள்.

ஒரே சுவர்தான். உள்ளே அது பாய்க்கு அமைதியான நீர் தந்தது, வெளியே குப்பத்தின் கரையை எடுத்துக்கொண்டது. உள்ளே கற்கும் வாய்ப்பு, வெளியே கரையை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. பழைய கடனைத் திரும்பக் கேட்பது அது.

வேறு எங்கே ஓடும்

இந்தியாவில் இறுகிய கடல்மணல் இல்லாமலில்லை. ஒடிசாவின் சண்டிப்பூரில் நீர் வற்றும்போது கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும். கேரளத்தின் முழப்பிலங்காட்டிலும் வங்காளத்தின் மந்தார்மணியிலும் மணல் கார் ஓடும் அளவுக்கு இறுகியது. கட்ச் பாலையின் உப்புவெளி, கெயர்ட்னர் ஏரியைப் போன்ற பெரும் தட்டைநிலம். தமிழ்நாட்டில் கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் சதுப்பு, கோடையில் காய்ந்து இறுகும். ஆனால் அது பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் இறங்கும் சரணாலயம். அங்கே சக்கரம் நுழையக் கூடாது. மந்தார்மணியில் கார் ஓட்டியதால் சிவப்பு நண்டுகள் நசுங்கிய பாடமும் நம்முன் இருக்கிறது. நல்ல மணல் இருக்கும் இடமெல்லாம் ஓட்டும் இடம் ஆகிவிடாது.

வட சென்னைக்கு அருகில் கெட்டித் தரைக்கு ஒரு முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டிய சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் சென்னையின் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. கைவிட்ட ஓடுதளத்தை ஊரே கூடும் திடலாக்கிய நகரம் இது. பாய்வண்டியும் உலகில் பல இடங்களில் கடற்கரையை விட்டு ஓடுதளங்களிலும் வறண்ட ஏரிகளிலும் ஓடுகிறது. மணல் திரும்பும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழி இது: மூடிய சிறு திடலில், நடுவில் ஆட்கள் குறுக்கே வராத இடத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காற்றின் இயற்பியலைச் சக்கரத்தில் கற்பிக்கலாம்.

மணல் திரும்பிய இடங்கள்

போன மணல் திரும்புமா? திரும்பும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1980-களின் இறுதியில் கட்டிய துறைமுகச் சுவர்களால் புதுச்சேரி தன் கரையை இழந்து கல் சுவராக நின்றது. 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் முக்கோண வடிவில் ஒரு செயற்கைத் திட்டை அமைக்க, கால் நூற்றாண்டு காணாத மணலில் மக்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அங்கும் குறைகள் உண்டு. அயலூர்க் கரைகளைப் பற்றிய கவலை உண்டு. ஆனால் கல் சுவர்தான் கடைசிப் பதில் என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

மூலகாரணத்தைத் தொடும் வழி, தடுத்த மணலைத் தாண்டிவிடுவது. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரிய மணலை வடக்கே நகரக் கரைக்குக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்தில் 2001 முதல் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணலைக் குழாய்வழியே மறுகரைக்கு அனுப்புகிறார்கள். முன்பு நடந்து போன மணல் இப்போது குழாயில் போகிறது, அவ்வளவுதான். சுவர் கட்டியவரே மணலைத் தாண்டவிடும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டில் உள்ள நியாயம். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றையும் ஒரே மணல் கணக்கில் கொண்டுவந்து, ஆண்டுதோறும் எவ்வளவு தடுத்தோம், எவ்வளவு திருப்பித் தந்தோம் என்று பொதுவில் காட்டும் நாள் வந்தால் மற்றதெல்லாம் தானே தொடரும்.

2024-ல் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்குப் பிறகு இப்பகுதிக்கு அரசின் கவனம் கூடியிருக்கிறது. கடற்கரை மேம்பாடும் அந்தப் பேச்சில் இருக்கிறது. அழகுக்கல் பதித்த நடைபாதையும் விளக்குகளும் நல்லவைதான். ஆனால் முன்னால் மணல் இல்லாத நடைபாதை, கடலைப் பார்க்கும் மாடம் மட்டுமே. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, எர்ணாவூரில் இளைஞர்கள் பாறைகளுக்கிடையே நின்று வாளியால் அள்ளினார்கள். கருங்கல் இடுக்கில் ஒளிந்த எண்ணெயை அள்ளுவது எவ்வளவு கடினம் என்று அன்று தெரிந்தது. மணல் பாதுகாப்பும்கூட.

யாருக்கு முதலில்

மணல் திரும்பினால் அதில் முதல் உரிமை வலைக்கும் படகுக்கும். அடுத்தது, தை முதல் பங்குனி வரை முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைக்கு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஒதுங்கிய நூற்றுக்கணக்கான ஆமை உடல்கள் அந்த உரிமையை நமக்கு நினைவூட்டின. அதற்குப் பிறகு நடக்கவும் உட்காரவும் விளையாடவும் வரும் குடும்பங்களுக்கு. பாய்வண்டி கடைசியில்தான் வரும். வேலி கட்டி யாரையும் வெளியேற்றாமல், ஆமைப் பருவம் தவிர்த்து, காலையில் வலை காய்ந்த இடத்தில் மாலையில் ஓடும் விருந்தாளியாக வரும்.

அப்படியானால் பாய்வண்டியை ஏன் பேச வேண்டும்? அதற்கு வேண்டிய அகலம்தான் காரணம். ஒரு பாய்வண்டி திரும்ப இடமிருக்கும் கரையில் வலை காயும், ஆமை ஏறும், பிள்ளைகள் ஓடுவார்கள், புயல் அலை சாலையைத் தொடுமுன் களைத்துப்போகும். மேம்பாட்டுத் திட்டங்கள் கரையை நீளத்தில் அளக்கின்றன, இத்தனை கிலோமீட்டர் நடைபாதை என்று. குப்பத்துக்காரர்கள் கரையை என்றும் அகலத்தில்தான் அளந்தார்கள், எத்தனை மரம் ஏற்றி வைக்கலாம் என்று. அந்தப் பழைய அளவுகோலைத் திரும்ப எடுக்க வேண்டும்.

திருவொற்றியூர் கே.வி.கே. குப்பத்துப் பக்கம் தூண்டில் வளைவுகளுக்கு நடுவே ஒதுங்கிய மணலில் மாலையில் பிள்ளைகள் கூடுகிறார்கள். காற்று அவர்களுக்குக் குறுக்கே அடிக்கிறது, 1876-க்கு முன் அடித்த அதே தென்கிழக்குக் காற்று. அவர்களின் பாட்டன்மாருக்கு அந்தக் காற்றில் பாய் பிடிக்கத் தெரியும். இடையில் நின்றுபோனது மணல். அது நின்றது மனிதர் கட்டிய சுவரால். அதைத் தாண்டவிடும் வழியும் மனிதர் கையில்தான் இருக்கிறது.